தொண்ணூறாவது நிமிடம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மதுக்கடை ஒன்றில் கால்பந்து பார்த்தவள் மார்லீன் ஒருத்திதான். அமெரிக்காவும் எதிரணியும் இன்னும் ஒரு கோல்கூடப் போடவில்லை. கடிகாரம் தொண்ணூறைத் தொட்டதும் கடைக்காரன் வெர்ன் சேனலை மாற்றினான்.

"யோவ், இன்னும் முடியலய்யா! நடுவுல வீணாப்போன நேரத்தையும் சேர்த்து ஆடுவாங்க."

"நேரம் முடிஞ்சா ஆட்டம் முடிஞ்சது, மார்லீன். ஒன்றரை மணி நேரம் ஓடி ஒரு கோல்கூட இல்ல. இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

புதுச் சேனலில் பேஸ்பால். மழையால் ஆட்டம் நின்று, மைதானத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கடையே வாய் மூடி அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்லீனின் போன் அதிர்ந்தது. கடைசி நொடியில் அமெரிக்கா கோல்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வெர்னின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருய்யா! தார்ப்பாயைக் காட்டி என் கோலைப் பிடுங்கிட்டியே, பாவி!"

"கொஞ்சம் தள்ளு மார்லீன்," என்றான் வெர்ன். "டிவி மறைக்குது."