சம்பந்தியம்மா குறைத்த எலுமிச்சைச் சாறு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ரிப்பன் கட்டப் போன இடத்தில். அமெரிக்காவில், பியூப்லோ என்ற ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி நேலா ஆர்ச்சுலெட்டா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மகள் யெசேனியாவின் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு பாட்டில் சல்சா, அதாவது அவர்கள் பக்கத்துத் தக்காளி மிளகாய்த் தொக்கு, கொடுத்தனுப்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கடையில் வாங்கியதல்ல, தன் தோட்டத்துத் தக்காளியில் காய்ச்சி, தானே அடைத்தது. பாட்டில் கழுத்தில் ரிப்பன் கட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள். சண்டை வெடித்தபோது என் விரல் ஒரு முடிச்சுக்குள் மாட்டியிருந்தது. எழுந்து போகவும் வழியில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செப்டம்பர் வெயிலில் தக்காளிகள் சிவந்து…’ அடித்துவிட்டேன். தக்காளி சிவக்காமல் வேறென்ன செய்யும்?

2

மாப்பிள்ளையின் அம்மா ஒஃபேலியா எல் பாசோ என்ற ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்தார். (இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் நேரான ஒரு சொல் கிடையாது. அவர்களுடைய ஸ்பானிஷ் மொழியில் உண்டு, நம் மொழியிலும் உண்டு. அதனால் ‘சம்பந்தி’ என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்.) போன வாரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பானை வைத்துக் காய்ச்சியிருந்தார்கள். மேசை நிறைய பாட்டில்கள்.

“உங்க சல்சா ஒரே புளிப்பு சம்பந்தி,” என்றார் ஒஃபேலியா, ரிப்பனை நறுக்கிக்கொண்டே. “நீங்க பஸ் எடுக்கப் போனீங்கல்ல, அப்ப என் பானையில சரி பண்ணிட்டேன்.”

“என்ன சரி பண்ணீங்க?”

“கடையில விக்கிற எலுமிச்சைச் சாறை எந்தச் சோம்பேறி ஊத்துவா? நாலு பழம் பிழிஞ்சேன், போதும்னு விட்டுட்டேன். மிளகாயும் வெங்காயமும் ரெண்டு மடங்கு அள்ளிப் போட்டேன். தின்னவன் ‘ஆ’ன்னு அலற வேண்டாமா?”

[இங்கே ‘நேலாவின் இதயம் நின்றுவிட்டது’ என்று எழுதியிருந்தேன். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவு சுலபத்தில் நிற்காது.] அவள் பாட்டில் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். எது யார் பானையில் வெந்தது? எல்லாம் ஒரே சிவப்பு. பிரித்தறிய வழியே இல்லை.

* கதைக்கு வெளியே ஒரு குறிப்பு: தக்காளியில் ஓரளவு புளிப்பு உண்டு. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அது போதாது. அவற்றைக் கூட்டிச் சாற்றைக் குறைத்தால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் ஒரு கிருமி விஷம் காய்ச்ச உட்கார்ந்துவிடும். விஷத்துக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். கடைச் சாற்றில் மாறாது. நேலா அதை வாங்கியது சோம்பலால் அல்ல.

3

இந்த இடத்தில் அவளை நான் சந்தேகித்தேன். ஒரு வரைவில் அவள் சிரித்து மழுப்பி, அப்புறம் யாருக்கும் தெரியாமல் பாட்டில்களைத் தொலைத்துவிடுகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தியைப் பகைத்துக்கொள்வார்களா? நல்ல வரைவுதான். ஆனால் அது நேலா இல்லை. கடைசிப் பிள்ளை பெல்ட் போடும்வரை, பின்னால் எத்தனை கார் ஹாரன் அடித்தாலும் பஸ்ஸை நகர்த்தாதவள் அவள்.

“எல்லாத்தையும் தூக்கிப் போடணும்,” என்றாள்.

யெசேனியா பதறிப்போனாள். “அம்மா! ஒரு வாரமா அலமாரியில சும்மாதானே இருக்கு? ஒரு மூடிகூட உப்பலையே!”

“உப்பினா கண்ணுக்குத் தெரிஞ்சிடும்டி. உப்பாம இருக்கிறதுதான் பயம்.”

“முப்பது வருஷமா சல்சா பண்றேன்,” ஒஃபேலியாவின் குரல் உயர்ந்தது. “என் கையால தின்னு எவன் செத்தான்?”

“அன்னிக்கு அரைச்சு அன்னிக்கே திங்கிற சல்சாவுல நீங்க ராணி. நானே ரெண்டு தட்டு வழிச்சுத் தின்னேன், இல்லங்கல. இது மாசக்கணக்குல மூடியே கிடக்கப் போறது. என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவங்க ஆஸ்பத்திரியில படுத்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ் ஓட்டுவேன்?”

ஒஃபேலியா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பவில்லை. நேலா தடித்த குப்பைப் பையை விரித்து, மூடியைத் திறக்காமல் பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். நான் கட்டிய ரிப்பன்களோடுதான். ஒரு கோடைக்காலத் தக்காளி முழுவதும் போகிறது, அதோடு ஒருவேளை மகளின் நிம்மதியும்…

(அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.)

ஒஃபேலியா உள்ளே வந்து பையின் மறுமுனையைப் பிடித்தார். “என் பேரைச் சொல்லி எவனும் படுக்கக் கூடாது. நகருங்க, இப்படியா பிடிப்பாங்க? கிழிஞ்சிடும்.”

4

அடுத்த நாள், புதிதாகக் காய்ச்சுவதற்குப் பேரம்: ஒஃபேலியா கேட்டார், நேலா மடக்கினாள். சந்தையில் மீன்காரியிடம்கூட இப்படிப் பேரம் நடந்து நான் பார்த்ததில்லை.

“சாறைக் குறைக்கவே கூடாதா?”

“கூடாது.”

“புளிக்குதே!”

“சர்க்கரை போடுங்க. அதுக்குத் தடையில்ல.”

“மிளகாய்?”

“மொத்த அளவு ஏறக் கூடாது. எந்த மிளகாய்ங்கிறது உங்க இஷ்டம்.”

ஒஃபேலியாவின் முகம் விடிந்தது. “எந்த மிளகாய்னாலுமா?”

“எந்த மிளகாய்னாலும்.”

“சீரகம்?”

“காஞ்ச பொடிதானே? தாராளமா.”

“கெட்டியா வர சோளமாவு?”

“அதைத் தொடவே கூடாது. தக்காளித் தண்ணிய வடிச்சிருவோம்.”

“கொத்தமல்லித் தழை?”

“அது மூடியைத் திறந்தப்புறம் அவங்கவங்க கிள்ளிப் போட்டுக்கட்டும்.”

நேலாவின் தோட்டம் மொட்டையாகிவிட்டதால் தெருவே தக்காளி கொடுத்தது. நானும் ஒரு கூடை கொடுத்தேன். (என் தக்காளி கதையில் வருவதில் எனக்குப் பெருமை. வெட்டமாட்டேன்.) ஒஃபேலியா சாதுவான மிளகாயையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அதே அளவுக் கோப்பையில் ஊரிலேயே உறைப்பானதைத் தேடிப் பிடித்து நிரப்பினார். தலை தட்டி, கத்தி முதுகால் வழித்து, நேலாவின் கண்ணுக்கு நேரே நீட்டினார். நேலா தலையசைத்தாள். பாட்டில்கள் கொதிநீருக்குள் இறங்கின. மலையூரில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் கூடுதல் நிமிடங்கள் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

5

கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பொறுமையில்லாமல் பாட்டிலை அங்கேயே திறந்தார். சோள வறுவலில் அள்ளி வாயில் போட்டார். ‘ஆ’ என்றார். நெற்றி வேர்த்தது, கண்ணில் நீர் கொட்டியது, கை மறுபடி பாட்டிலுக்குள் போனது.

“யாரு பண்ணது இது?”

பக்கத்தில் நின்ற சம்பந்திகள் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அடுத்து வரும் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன்:

(அ) “எங்க சம்பந்திதான்,” என்று ஒஃபேலியா நேலாவின் தோளில் கை போட்டார்.

(ஆ) “எங்க சம்பந்திதான்,” என்று நேலா ஒஃபேலியாவை முன்னால் தள்ளினாள்.

(இ) “நான்தான்!” என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். இரண்டு பேருமே என்னையே மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி இதைக் கேட்கப் போகிறார்கள், எனக்கோ இந்தத் தெருவில்தான் குடித்தனம். நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாமா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இன்னொரு பாட்டிலைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.