படியாத பூஞ்சை

கசாப்புக்காரரின் வலது கை விழுந்த பிறகுதான் அந்த வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போடத் தொடங்கின. அதற்கு முன்பு அவர் மனைவி ஒரு டம்ளரைக்கூடச் சத்தம் வராமல்தான் கீழே வைப்பாள்.

அவளை எல்லோரும் பூஞ்சை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை அது. கல்யாணமான புதிதில், "எலும்பும் தோலுமா ஒரு பூஞ்சைய என் தலையில கட்டிட்டாங்க" என்று அவர் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். ஒட்டிக்கொண்டது. இப்போது கதவைத் தட்டி, உள்ளேயிருந்து யாரென்று கேட்டால் அவளே "பூஞ்சைதான்" என்பாள்.

பக்கவாதம் கடையில் வைத்தே வந்தது. ஓங்கிய கத்தி ஓங்கினபடியே நழுவியது. கட்டையில் கிடந்த ஆடு ஏற்கெனவே செத்திருந்ததால் அதற்கு இதில் லாபமில்லை. லாபம் பூஞ்சைக்கு.

அவளுக்கு இடது காது கேட்காது. படுக்கும்போது அந்தக் காதைத் தலையணையில் வைத்து, கேட்கிற காதை மேலே வைத்துத்தான் படுப்பாள். அவர் எழுந்து வருவது கேட்க வேண்டுமே. அவர் விழுந்த பிறகும் உடம்பு அப்படியே படுத்தது. பழகிப்போன உடம்புக்குச் செய்தி மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

அவருக்கு நகம் வெட்டிவிடும்போது விழுந்த அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். கனமே இருக்காது. இவ்வளவுதானா இது என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும்.

மகள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வளர்ந்ததெல்லாம் விடுதியில். "பொம்பளப் பிள்ளை ரத்தவாடையில வளரக் கூடாது" என்று அப்பாதான் சேர்த்துவிட்டார். விடுமுறைக்கு வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போவார். அவள் வீட்டில் இருக்கிற நாட்களில் அந்தக் கை யார்மேலும் விழாது. அதனால் அவளுக்கு அப்பா என்றால் தோள். கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் விழுந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த கையோடு பார்லிப் புல்லைப் பிடித்தாள்.

"மண்ணே வேண்டாம்மா. தட்டும் தண்ணியும் போதும். ஒரு வாரத்துல ஒரு சாண் வளந்துரும். அரைச்சுச் சாறு எடுத்துக் குடுத்தா நரம்புக்குத் தெம்பாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் குடிக்கிறாங்கம்மா."

கசாப்புக்காரர் கட்டிலில் இருந்தபடி, நேராக இருந்த பாதி வாயால் சிரித்தார். "புலி பசிச்சாலும் புல்லத் தின்னாதும்பாங்க. ஆயுசு பூரா ஆட்ட வெட்டினவன, கடைசியில ஆடு மேயுறத மேய விடுறியேடி."

"நீங்க மேய வேண்டாம்ப்பா. குடிச்சா போதும்."

முதல் தடவை மளிகைக் கடையிலிருந்து பார்லி வாங்கி வந்தாள். வெள்ளை வெளேரென்று, முத்து மாதிரி. ஊறவைத்தாள், தட்டில் பரப்பினாள், ஈரத்துணி போட்டு மூடினாள். முளைக்கவில்லை. நாறியது. பாலிஷ் போடும்போதே தோலோடு முளையும் போய்விடுமாம், அது சமைக்கத்தான் ஆகுமாம். படித்தவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என்னடி, பொணத்தை ஊறப் போட்டிருக்கியா?" என்றார் அப்பா. கேலிதான். ஆனால் அவர் கண்ணில் ஏதோ ஒன்று வடிந்து போனதைப் பூஞ்சை பார்த்தாள். அவர் அந்தப் புல்லை நம்பியிருந்தார். அது தெரிந்ததும், வெகுநாளாக வாய்க்குப் பிடித்தது எதையும் தின்னாதவளுக்கு ஒரு துண்டு வெல்லம் கிடைத்த மாதிரி இருந்தது. அப்போது அவள் ஒன்றும் செய்திருக்கவில்லை. சந்தோஷம் மட்டும்தான் பட்டாள்.

இரண்டாம் தடவை மகள் தீவனக் கடைக்குப் போய், தோலோடு இருக்கிற பார்லி வாங்கி வந்தாள். சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்துகிற இடத்தில் அலமாரி போட்டாள். ஓட்டை போட்ட தட்டு. தண்ணீர் வழிந்தோட ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. காலையும் மாலையும் அலசல். மூன்றாம் நாள் விதை முழுக்க வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது.

"பூஞ்சை பிடிச்சிருச்சு போலிருக்கே" என்றாள் பூஞ்சை.

"இல்லம்மா. இது வேர்த்தூவி. தண்ணி குடிக்க வேர் விடுற முடி. இங்க பாரு." மகள் தெளிப்பானை எடுத்து இரண்டு தடவை அடித்தாள். வெள்ளைப் பஞ்சு வேரோடு ஒட்டிக் காணாமல் போனது. "தண்ணி பட்டதும் படிஞ்சிருச்சா? பூஞ்சைன்னா படியாது."

"படியாதா?"

"என்ன அடிச்சாலும் படியாது."

பூஞ்சை அந்த வார்த்தையை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

புல் வந்தது. மகள் கத்தரித்து, மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். கசாப்புக்காரர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்தார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்து கையையும் காலையும் நீட்டி மடக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் கட்டைவிரல் அசைந்தது. மகள் புல் என்றாள். பயிற்சிக்காரர் பயிற்சி என்றார். கசாப்புக்காரர் என் ரத்தம் என்றார்.

அன்று மகள் வேலைக்குப் போன பிறகு அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"பூஞ்ச. இங்க வா. விரலப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்திரத்த டமால் டமால்னு போடுறியே, காதுல விழாதுன்னு நெனச்சியா? கை வரட்டும். எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்."

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. வடித்தாள். கொழகொழவென்ற அந்தத் தண்ணீரை ஆறவைத்துப் பின்பக்கம் எடுத்துக்கொண்டு போய், தட்டு முழுக்கப் பரவலாக ஊற்றினாள். தட்டின் சாய்வையும் எடுத்துவிட்டாள். தண்ணீர் அங்கேயே நின்றது. வீட்டு வேலை தெரிந்தவளுக்கு ஒன்றை எப்படிக் கெடாமல் வைப்பது என்று தெரியும். அதைத் திருப்பிப் போட்டால் எப்படிக் கெடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

விதைமேல் பஞ்சு சாம்பல் நிறத்தில் வந்தது. மகள் தெளிப்பானை அடித்துப் பார்த்தாள்.

"படியலம்மா."

"அப்படியா?"

தட்டுகளை வெந்நீரில் கழுவினாள் மகள். விதையை மாற்றினாள். ஊறவைக்கும் நேரத்தைக் குறைத்தாள். காற்றுக்கு விசிறி வைத்தாள். ஒவ்வொரு தட்டும் கெட்டது. தூக்கம் கெட்டு அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. கசாப்புக்காரருக்குக் கேலி போய்க் கடுப்பு வந்துவிட்டது.

"ஒரு புல்லு முளைக்க வைக்கத் துப்பில்ல. உனக்கும் உங்கம்மா கைதான். தொட்டது வெளங்காது."

அப்பா தன்னிடம் அப்படிப் பேசி மகள் கேட்டதே இல்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பூஞ்சை வெளியே நின்று, நல்ல காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் அழுகை நின்றுவிடும். சொல்லவில்லை. இவளுக்கு வார்த்தைதானே, அடியில்லையே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். மறுநாளும் சோறு வடித்த தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் பெற்றது பரிசோதனைக்காரியை. மகள் ஒரே விதையை இரண்டு தட்டில் போட்டாள். ஒன்று பின்பக்கம். இன்னொன்று தன் அறையில், பூட்டுக்குள். யாரிடமும் சொல்லவில்லை. அறைத் தட்டு பச்சைப் பசேலென்று எழுந்தது. பின்பக்கத் தட்டு சாம்பல் பூத்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சோறு வடிச்ச தண்ணி வாடை வருது."

பூஞ்சை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. நீதானா?"

"நான்தான்."

"ஏம்மா?"

"அந்தக் கை எந்திரிக்கக் கூடாது."

மகள் உள்ளே வந்தாள். "அப்பா கோவக்காரர்தான், எனக்குத் தெரியாதா? அதுக்குன்னு..."

"என் காது எப்படிப் போச்சு?"

"நீதான சொன்ன, சீழ் பிடிச்சுன்னு."

"சீழ் அஞ்சு வெரலோட வராதுடி."

மகள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. அவற்றில் ஒன்றையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பூஞ்சை காத்திருந்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள் மகள் கடைசியில். "இப்ப அவர் பாதி ஆளா கெடக்கும்போது சொன்னா, பழி தீக்குற மாதிரி இருக்கும்மா."

"பாதி ஆளா இருக்கறதாலதான் உயிரோட நின்னு சொல்றேன்."

"அவர் மாறிட்டாரும்மா. படுத்தவங்க மாறிருவாங்க."

அதற்குப் பிறகு எல்லாத் தட்டும் மகளின் அறைக்குப் போய்விட்டன. சாவி அவள் பைக்குள். காலையில் தானே அரைத்து, தானே கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு ஒரு டம்ளர் மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதை அம்மா கீழே ஊற்றிவிடக் கூடாதே என்று, திரும்பி வந்ததும் குடித்தாரா என அப்பாவிடம் கேட்டுக்கொள்வாள். விரலுக்குப் பிறகு மணிக்கட்டு அசைந்தது. பிறகு முழங்கை.

ஒரு காலை மகள் இடது பக்கம் உட்கார்ந்து சாறு புகட்டிக்கொண்டிருந்தாள். பூஞ்சை வலது பக்கம் குனிந்து, தாடையில் வழிந்த பச்சையைத் துணியால் துடைத்தாள். போர்வைக்குள் ஏதோ நெளிந்தது. அவள் பின்வாங்குவதற்குள் கை வந்துவிட்டது. புறங்கை. மூக்கும் உதடும் சேர்ந்த இடத்தில் விழுந்தது. பழைய பலம் இல்லை. ஆனால் குறி தப்பவில்லை.

"தூக்கிட்டாரு!" மகள் துள்ளி எழுந்தாள். "அம்மா, பாத்தியா? தோளுக்கு மேல தூக்கிட்டாரு!"

பூஞ்சையின் மூக்கிலிருந்து ரத்தம் துணியில் சொட்டியது. பச்சையும் சிவப்பும் கலந்து பழுப்பானது. கசாப்புக்காரர் தன் கையையே வியப்பாகப் பார்த்தார். பிறகு பாதி வாயால் கேட்டார்: "விழுந்துச்சா?"

மகளின் கைகள் அந்தரத்தில் நின்றன. அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டே, கேட்கிற காதில் மெதுவாகச் சொன்னாள்:

"அவர் வேணும்னு பண்ணலம்மா. நரம்புக்கு உயிர் வரும்போது தானா சுண்டும். அனிச்சைச் செயல்னு சொல்லுவாங்க."

"அனிச்சையா?"

"ஆமாம்மா. நாம நெனக்காமலே நடக்குறது."

"ம்" என்றாள் பூஞ்சை.

மகள் பயிற்சிக்காரருக்குப் போன் செய்து, கை தூக்கியதைச் சொன்னாள். வழக்கம்போல மத்தியானத்துச் சாற்றை மூடி வைத்தாள். கிளம்பும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பு மாட்டினாள்.

வாசல் கதவு சாத்தியதும் கசாப்புக்காரர் பேசினார்.

"கை வந்தாச்சு. இனிமேலாவது படிஞ்சு நட."

பூஞ்சைன்னா படியாது. பாடம் சொல்லிக்கொடுத்தவள் வேலைக்குப் போயிருந்தாள்.

வெயில் ஏறியது. அவருக்குத் தொண்டை வறண்டது. "சாறக் குடுடி" என்றார். பூஞ்சை டம்ளரைக் கொண்டுவந்து, மூடியை எடுத்து, அவரது வலது பக்கம் முக்காலியில் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பையும் வைத்தாள். பிறகு முக்காலியைக் காலால் கொஞ்சம் நகர்த்தினாள். அந்தக் கை எவ்வளவு தூரம் வருமென்று அவள் மூக்குக்கு இப்போது சரியாகத் தெரியும். அதற்கு ஒரு சாண் அப்பால் நிறுத்தினாள்.

"என்னடி இது? எடுத்து வாயில வை."

"நீங்களே எடுத்துக்குங்க. நெனக்காமலே வருமாம்."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டாள். அவர் கத்தத் தொடங்கினார். முதலில் பூஞ்சை என்றார். பிறகு வேறு என்னென்னவோ சொன்னார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னார். அவருக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள். எப்போதும் படுக்கிற பக்கம் படுக்கவில்லை. புரண்டு, கேட்கிற காதைத் தலையணையில் நன்றாக அழுத்திக்கொண்டு, அவர் கொடுத்த செவிட்டுக் காதை அவர் பக்கம் வைத்தாள். உலகம் பஞ்சு வைத்த மாதிரி அடங்கியது. முக்காலிக்கும் கைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சீக்கிரமே தூங்கிப் போனாள்.