பிந்தித் திரும்பும் கப்பல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிஃபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தானே செய்த அடாப்டரைச் செருகியதுமே டிவி திரை ஒருமுறை சிமிட்டி, கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. இனி கேமைக் கேசட்டிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஏழு நிமிடம் பிடிக்கும். ஏழு நிமிடமும் அது கீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரை வாப்பா அசன் முகைதீன் 1987இல் சிங்கப்பூரிலிருந்து பழவேற்காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாங்கியது. பிள்ளைகள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. உம்மா பீவி ஜான்தான் பிடித்துக்கொண்டாள். பாறைகளுக்கு நடுவே கப்பலை ஓட்டியபடி எதிரிகளைச் சுடும் ஒரே ஒரு கேம். குடும்பம் கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்து, 2008ஆம் வருடம் பிறந்த பிறகும், மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஒரு மணி நேரம் அவளை யாரும் கூப்பிடக் கூடாது.

இப்போது உம்மாவுக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. இரண்டு மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். பழைய ஜாய்ஸ்டிக்கையோ மேசையில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஆட முடியும். படுக்கையில் விழுந்ததிலிருந்து உம்மா பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

சிஃபா சிப்காட்டில் ஒரு சார்ஜர் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பவள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வயரில்லாத கேம்பேட் ஒன்றை வாங்கிவந்தாள். அதன் ரிசீவர் பேசுவது இருபது வருடப் பழைய கம்ப்யூட்டருக்குப் புரியாது. நடுவில் ஒரு சிப்பை வைத்து, புரோகிராம் எழுதி, இது சொல்வதை அதற்குச் சொல்ல வைத்தால் போதும். ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாக உம்மாவிடம் வாயை விட்டுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று வாரம்.

கம்ப்யூட்டர் ஏன் அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது என்று அன்று மாலையில் பிடிபட்டது. ரிசீவர் இழுக்கும் கரன்டை ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தால் கொடுக்க முடியவில்லை. தனி சார்ஜர் கொடுத்தாள். அடுத்து, சோதிக்க இரவல் வாங்கிய, வயர் வைத்த கேம்பேடில் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் அதன் வயர் கட்டில்வரை எட்டாது; வயரில்லாததில் ஒன்றுமே நகரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினாள். சிப் கேட்ட வேகத்துக்கு ரிசீவரால் பதில் சொல்ல முடியவில்லை என்று தெரிந்து, மெதுவாகக் கேட்க வைத்தாள். கப்பல் நகர்ந்தது. ஆனால் ரிசீவர் இடையிடையே தப்பான செய்தி அனுப்பியதால், யாரும் பொத்தானைத் தொடாமலே அது சுடவும் தொடங்கியது. சோதிக்க உட்கார்ந்தால் கரன்ட் கட். மறுபடி கேசட், மறுபடி ஏழு நிமிடம். ஒருநாள் சூடான சால்டரிங் அயர்னை அப்படியே மேசையில் போட்டுவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றாள். மேசை கருகிப்போனது.

கடைசியில் புரோகிராமை மாற்றினாள். ஒரே செய்தி அடுத்தடுத்து ஐந்து முறை வந்தால்தான் சிப் அதை நம்பும். தானாகச் சுடுவது நின்றது.

கேம்பேடை உம்மாவின் வயிற்றின் மேல் வைத்தாள். உம்மா பிஸ்மி சொல்லி ஆடத் தொடங்கினாள். ஓர் ஆட்டத்துக்குரிய மூன்று கப்பலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறையில் மோதி உடைந்தன. இன்னொரு ஆட்டம். அதிலும் அப்படியே.

"இது நல்லா இல்லடி."

"இன்னா நல்லா இல்ல?"

"நான் திருப்புன பொறவு கொஞ்சம் நின்னுதான் திரும்புது. சுடுறதும் அப்படித்தான்."

"அதெல்லாம் இல்ல உம்மா. படுத்துக்கினு ஆடுறீங்க. பழகணும்."

"இருவது வருசமா ஆடிக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அஞ்சு வாரமா மாடா ஒழைச்சிருக்கேன். ஒரு வார்த்த நல்லதா சொல்ல மாட்டீங்களா?"

உம்மா கேம்பேடைத் தலையணை ஓரமாக வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிஃபா அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தடதடவென்று கழுவினாள். கழுவும்போதே மனசு கணக்குப் போட்டது. சிப் விநாடிக்கு அறுபது முறை கேட்கிறது. ஐந்து முறை காத்திருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு விநாடி. கண்ணில் படாத தாமதம். உம்மாவின் விரலுக்கு அது தெரிந்திருக்கிறது. கம்பெனியில் மீட்டர் இப்படி ஒரு குறையைக் காட்டினால் மீட்டரோடா சண்டை போடுவாள்? எரிச்சல் இப்போது தன் மேலேயே திரும்பியது.

ஈரக் கையோடு கட்டிலருகே வந்து நின்றாள். "லேட்டுதான். நான்தான் அப்படி வச்சேன். திரும்புறத மட்டும் ஒடனே வர வக்கிறேன். சுடுறது கொஞ்சம் லேட்டாவட்டும். இல்லன்னா தானா சுடும்."

"தானா சுட்டா சுடட்டும்," என்றாள் உம்மா, சுவரைப் பார்த்தபடியே. "நான் அழுத்துனா அப்பவே சுடணும்."

சிஃபா சுடுவதற்கும் சேர்த்து அந்த ஐந்து முறைக் காத்திருப்பை எடுத்துவிட்டாள். சிப்காட்டில் அவள் கையில் இப்படி ஒரு போர்டு வந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் கட்டியிருப்பாள்.

அன்று உம்மா பதினெட்டாயிரம் புள்ளி எடுத்தாள். அவளுடைய பழைய கணக்குக்கு அது பாதிகூட இல்லை. யாரும் அழுத்தாத குண்டு ஒன்று அவ்வப்போது வெறும் கடலில் போய் மறைந்தது. ஒவ்வொன்றுக்கும் சிஃபாவுக்குப் பல் கூசியது. உம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"உக்காந்து பாரேன்டி."

"என்னால பாக்க முடியல," என்று சொல்லிவிட்டு, சிஃபா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.