வடக்குப் பாத்திக்கு நூறு மார்க்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் சிநேகிதன் ஒருவன் உப்பளத்தை வைத்துக் கதை எழுதிப் பேர் வாங்கிவிட்டான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன்.

தொடக்கம்: வெயிலில் உப்பு பூத்து, பாத்தியெல்லாம் வெள்ளை வெளே...

(வேண்டாம். இதை அவன் எழுதிவிட்டான்.)

2

நேராகவே வருகிறேன். தெற்குப் பாத்திக்குத் தேசப்பன் மேஸ்திரி; வடக்குப் பாத்திக்கு வைஜெயந்தி. 2006 ஜனவரியிலிருந்து கம்பெனி பாதுகாப்புக்கு மாதாமாதம் மார்க் போட்டது. மேஸ்திரி எழுதும் நோட்டில் காயமே ஏறாவிட்டால் நூறு. ஒவ்வொரு காயத்துக்கும் ஐந்து குறையும். கேட்டருகே பலகையில் எழுதிப்போடுவார்கள். வருஷக் கடைசியில் முந்தி நிற்பவருக்கு சூப்பர்வைசர் வேலை.

வைஜெயந்திக்கு ஐந்து மாதமும் நூறு. தேசப்பன் சின்னக் கீறலைக்கூட எழுதுகிறவன் (இதை அவனுக்காக நான் சொல்லியாக வேண்டும்). அவனுக்கு எழுபது, அறுபத்தைந்து, எழுபது. கடைசி இரண்டு மாதம்தான் தொண்ணூற்றைந்து. அப்படியும் பலகையைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

"உப்புல நிக்கிற காலு கிழியாம இருக்குமா? மறைக்கிறா அவ" என்று வீட்டில் புலம்பினான்.

3

ஜூனில் ஒரு மத்தியானம், பெண்கள் சாப்பாட்டுக்கு முன் கால் கழுவும் தொட்டிக்கே போய்விட்டான். வடக்குப் பாத்திக் கொளஞ்சியம்மாளின் குதிகாலில் பாலிதீன் சுற்றியிருந்தது.

(அவன் மனம் இளகியது என்று எழுதினேன். பொய். அடித்துவிட்டேன்.) அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வைஜெயந்தி நோட்டுல ஏத்தலையா?"

"அதுக்குத் தெரியவே தெரியாதுங்க. அது சூப்பர்வைசர் ஆவட்டும்னு நாங்கதான் சொல்லல. உங்க பாத்தியில மட்டும் என்னவாம்? பாஞ்சாலைக்குக் காலு வீங்கிக் கெடக்குது. பலகையப் பாத்துட்டு வந்து மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறீங்கன்னு ரெண்டு மாசமா உங்ககிட்ட யாரும் வாயத் தொறக்கறதில்ல."

வைஜெயந்திக்காகப் பிரியத்தில் மறைத்தார்கள். தனக்குப் பயந்து மறைத்தார்கள். அதிலும் அவள் முந்திவிட்டாள்.

4

முடிவு ஒன்று: வடக்குக் காயத்தை மட்டும் ஆபீசில் சொல்லிவிடுகிறான். எழுதிப் பார்த்தேன், இனித்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு: இரண்டு காயத்தையும் எழுதிவிட்டு, பாஞ்சாலையை ஆஸ்பத்திரிக்கு...

(இப்படியெல்லாம் முடிக்க என் சிநேகிதனுக்குத்தான் வரும்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தேசப்பன் தன் பாத்திக்கு வந்தான். பாஞ்சாலை உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"காலைக் காட்டு."

அவள் காலை உப்புத் தண்ணீருக்குள் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. இந்த மாசம் நமக்கும் நூறு வந்துடும்."

நோட்டு அவன் கையில் விரிந்திருக்கிறது. இனி நான் எழுத மாட்டேன்; என் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியும். நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் அந்தத் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.