தண்ணீர் இறங்காத மெஷின்

மறுபடியும் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. டிஷ்வாஷரின் கதவைத் திறந்தால் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. தலையில் அடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

இந்தச் சனியனை நான் ஆசைக்கு வாங்கவில்லை. என் மனைவிக்கு விரலெல்லாம் வெடிப்பு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். புண் விரலோடு மாதிரிகளைத் தொடக்கூடாது என்று இரண்டு மாதமாக அவளை வாசலில் பேர் எழுத உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை தோல் டாக்டர் பார்த்து, ஆறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் பழைய வேலை. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். தண்ணீரிலும் சோப்பிலும் கையே வைக்காதே என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மெஷினை வாங்கினேன். வாங்கி என்ன பிரயோஜனம்? விரல் ஆறவில்லை.

"மருந்து ஒழுங்காப் போடுறியா, இல்லையா?"

"போடுறேங்க."

"போட்டா ஏன் ஆறல?"

புதுசாகச் சுற்றிய பிளாஸ்திரி விரல்களோடு டீயை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

மெஷின் விஷயத்தில் நான் கறார். முதல் வாரத்தில் வடிகட்டியில் ஒரு முட்டைத் துணுக்கைக் கண்டு வீட்டையே இரண்டாக்கினேன். "தட்டுல ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கக் கூடாது! பம்ப் அடைச்சா யாரு கழட்டுறது, உங்க அப்பாவா?" அன்றிலிருந்து வடிகட்டியில் ஒரு தூசி கிடையாது. என் சத்தத்துக்கு இவ்வளவு பலனா என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ஆனாலும் யாரையும் நம்பாமல், தினமும் நானே வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவேன்.

இத்தனைக்கும் பிறகு தண்ணீர் நின்றால் வயிறு எரியாதா? கோப்பையால் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். பின்பக்கக் குழாயைக் கழற்றி ஊதினேன். வாயெல்லாம் சோப்புத் தண்ணீர் ஆனதுதான் மிச்சம். பொத்தானை அமுக்கினால் மெஷின் 'உம்ம்' என்று முனகிவிட்டு ஓய்ந்தது. ஓங்கி ஓர் உதை விட்டேன். என் கட்டைவிரல் வீங்கியது.

கடைசியில் வீம்பை விட்டு மச்சினனைக் கூப்பிட்டேன். அவளுடைய தம்பி, வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். வந்ததும் என் காலைத்தான் பார்த்தான்.

"என்ன மாமா, மெஷின்கூட சண்டையா? யாரு ஜெயிச்சது?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடா."

தொட்டதுமே வடிகட்டி அவன் கையோடு வந்துவிட்டது. "இதை யாரு மாட்டுறது?"

"நான்தான்."

"சும்மா உள்ள வெச்சா போதாது மாமா. 'டக்'குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகணும். இந்த இடுக்கு வழியா கண்டதும் கீழ போயிருக்கும்."

"என்னடா போகும்? துடைச்சு வெச்ச மாதிரில்ல தட்டெல்லாம் உள்ள போகுது!"

பம்ப் மூடியை நெம்பி எடுத்தான். உள்ளே ஒரு குட்டி விசிறி, அதில் ஏதோ சுற்றிக் கிடந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்துக் காகிதத்தில் போட்டான். நைந்து போன ஏழு பிளாஸ்திரிகள். ஒன்று இன்னும் விரல் அளவு வளையமாகவே இருந்தது.

அவன் திரும்பி, வாசற்படியில் நின்ற அக்காவைப் பார்த்தான். "கையால கழுவிட்டுத்தான் மெஷின்ல அடுக்குறியாக்கா?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஏதாவது ஒட்டியிருந்தா சத்தம் போடுவாருடா. அதான் சோப்பு போட்டு ஒரு தடவை... நனைஞ்சு கழண்டு, தட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்கும்."

"எல்லாத்தையுமா?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரல்.

"எல்லாத்தையும்தாங்க."

மச்சினன் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. வடிகட்டியை வைத்துத் திருகினான். 'டக்' என்றது. காசும் வாங்கவில்லை, டீயும் குடிக்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தொட்டியில் காலைத் தட்டுகள் கிடந்தன. அவள் பழக்கத்தில் குழாயைத் திறக்கப் போனாள்.

"தொடாதே!" என்றேன். அதுவும் கத்தலாகவே வந்து தொலைத்தது. அவள் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

முட்டை காய்ந்து ஒட்டிய தட்டை அப்படியே மெஷினில் வைத்தேன். இன்னொன்றையும் வைத்தேன். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அவள் நகரவில்லை. தட்டைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக, நான் எப்போது கத்தப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றாள்.