ஈறு தெரியச் சிரிப்பவள்

1

இந்தக் கதை அக்காவின் புலம்பலிலிருந்து எனக்குக் கிடைத்தது. "நீயாவது அவகிட்ட பேசு. நீ சொன்னா கேப்பா" என்று போனில் சொன்னாள். நான் அவள் மகளுக்குப் புத்தி சொல்வதற்குப் பதிலாக, அந்த மகளிடமே கதை கேட்டுக்கொண்டு வந்தேன்.

அக்கா மகள் பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். அதனால் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'அவள் சிரித்தபோது மாதுளை பிளந்தது போல...' (அடித்துவிட்டேன். அச்சில் வந்தால் ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாள்.)

2

அக்காவின் கட்சி எளிமையானது. "பல் டாக்டருக்கு வாய்தான் போர்டு. போர்டே சரியில்லன்னா எவன் உள்ள வருவான்?"

தெரிந்த பல் மருத்துவர் ஒருவர் ஈறைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும் என்று நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். மகளும் தலையாட்டிவிட்டாள்.

(இங்கே எனக்குக் கதாநாயகி மேல் சந்தேகம் வந்தது. இதையே படிக்கிற பெண் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டாளா? அவளிடமே கேட்டேன். "கையத் தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சு மாமா" என்றாள். சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.)

3

வெட்டுக்கு முந்தின நாள் வகுப்பில் பேராசிரியை கேட்டார்: "சிரிச்சா ஈறு அதிகமாத் தெரியுதுன்னு ஒருத்தர் வர்றார். முதல்ல என்ன செய்வீங்க?"

"வெட்டணும் மேடம்" என்றான் ஒருவன். எந்தக் கேள்விக்கும் அவன் பதில் அதுதான். வகுப்பில் அவனுக்குக் கத்திரி என்று பெயர்.

"எவ்வளவு வெட்டுவ?"

"அழகாத் தெரியற அளவுக்கு."

"லேசர்ல வெட்டலாம் மேடம்" என்று பின்பெஞ்சு உதவிக்கு வந்தது.

"எதால வெட்டறதுன்னு நான் கேக்கல. எதுக்கு வெட்டறதுன்னு கேக்கறேன்."

அழகு சிகிச்சைகளின் பெயரெல்லாம் வகுப்புக்கு மனப்பாடம். எதை யாருக்குச் செய்யக்கூடாது என்பதுதான் தெரியவில்லை. அக்கா மகளுக்கும்தான்.

(இடையில் ஒரு குறிப்பு. ஈறு பல்லின் மேல் அதிகமாக இறங்கியிருக்கலாம். மேல்தாடை நீளமாக இருக்கலாம். உதடு அளவுக்கு மீறி மேலே ஏறலாம். முதல் வகைக்குத்தான் ஈறை வெட்டிப் பயன். இதைத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு தனிக்கதை.)

4

"யாராவது வந்து சிரிங்க. அளந்து பாக்கலாம்" என்றார் பேராசிரியை.

அக்கா மகள் எழுந்தாள். 'அப்போது அவள் நெஞ்சுக்குள் ஒரு...' (முடிக்கவில்லை. "நெஞ்சுல ஒண்ணும் இல்ல மாமா. நாளைக்கு வெட்டிக்கப்போறோமே, என்னன்னு பாத்துரலாம்னு போனேன்" என்றாள்.)

நாற்காலியில் சாய்ந்ததும் சிரிப்பு வரவில்லை. ஒரு ஜோக் சொல்லும்படி கத்திரிக்கு உத்தரவு. அவன் எழுந்து நின்றான், யோசித்தான், வியர்த்தான், கடைசியில் "வெட்டணும் மேடம்" என்றான்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். வாய்க்குப் போன கையைப் பேராசிரியை பிடித்துக்கொண்டார். கத்திரியையே அளக்கச் சொன்னார்.

"பல்லு சரியான நீளம் மேடம். ஈறும் அதோட இடத்துலதான் இருக்கு." மறுபடி குனிந்து பார்த்தான். "உதடுதான் ரொம்ப மேல போகுது."

"அப்ப ஈற வெட்டினா?"

"வேர் வெளிய தெரியும். பல்லு கூசும். வெட்டக்கூடாது மேடம்."

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல்முறை. அவள் நாற்காலியிலிருந்து உடனே எழுந்திருக்கவில்லை. கைக்கண்ணாடியை வாங்கி இன்னொரு தடவை சிரித்துப் பார்த்தாள்.

5

சாயந்திரமே வெட்டு ரத்தானது. விஷயத்தைக் கேட்ட அக்கா, "சரி, உதட்டுக்கு என்ன வழி?" என்றாள். மகள் பிடிகொடுக்காததால்தான் எனக்குப் போன் வந்தது.

உதட்டுக்கும் வழி இருக்கிறது. என் சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

முடிவு ஒன்று: உதட்டைச் சரிசெய்துகொள்கிறாள், போர்டு பளபளக்கிறது. முடிவு இரண்டு: அப்படியே விட்டுவிடுகிறாள், கத்திரி ஒருநாள் அவளிடம் வந்து...

இந்த வரியில் அவள் என் பேனாவைப் பிடுங்கினாள். "அவன எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"சரி, நீ என்ன முடிவு பண்ணியிருக்க?"

"இன்னும் பண்ணல. எனக்காகப் பண்றதா, அம்மாவுக்காகவான்னு பாத்துட்டிருக்கேன். தமிழ்ல ஈறுன்னா முடிவுன்னும் அர்த்தம் உண்டில்ல மாமா? இந்தக் கதைல அத மட்டும் வெட்டிருங்க."

வெட்டிவிட்டேன். வேண்டுமென்கிறவர்கள் அவரவர் அளவுக்கு வளர்த்துக்கொள்ளலாம்.