சவுரிராயன் மறைத்து வளர்த்த மஞ்சள்

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று உள்ளே இருக்கும் அந்த ஊரில், மாதா கோயில் பொங்கல் பானைக்குக் கட்டும் மஞ்சள் கொத்து ஊரிலேயே சிறந்த கொல்லையிலிருந்துதான் வரும். எது சிறந்தது என்று சொல்பவர்கள் களை எடுக்கும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி லூர்துமேரி. மூன்று வருஷமாக அவள் கை காட்டியது பிரான்சிஸ் கொல்லையைத்தான். அடுத்த கொல்லைக்காரனோ அவள் புருஷன் சவுரிராயன். அவனுக்குச் சோறு எப்படி இறங்கும்?

"அவன் கொல்லையில அப்படி இன்னாடி இருக்குது?"

"செடிக்குச் செடி ஒரு சாண் எடம் வுட்றாரு. உரத்தப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டு மண்ணு அணைக்கிறாரு. நீயும் செய்யேன்."

பிரான்சிஸைப் பார்த்துச் செய்வதா? சவுரிராயன் நாலு விரற்கடைக்கு ஒரு கிழங்கு ஊன்றினான். வருஷம் முழுக்கப் போட வேண்டிய யூரியாவை ஒரே நாளில் கொட்டினான். இந்த ரகசியம் வரப்பைத் தாண்டிவிடக் கூடாதே என்று களைக்காரப் பெண்களை உள்ளே விடவில்லை, பெண்டாட்டியையும் சேர்த்துத்தான்.

யூரியாவுக்கு மஞ்சள் எது, கோரைக் களை எது என்று தெரியாது. இரண்டும் எழும்பின. திண்டிவனம் பஸ் டிரைவர் அந்தக் கொல்லையின் நிழலைப் பார்த்து, மழை வருகிறதென்று வைப்பரைப் போட்டார். ஆடியில் உள்ளே மேயப்போன வெள்ளாடு ஒன்று வழி தெரியாமல் சுற்றி, மார்கழியில் இரண்டு குட்டிகளோடு வெளியே வந்தது. சவுரிராயன் தினமும் வரப்பில் நின்று, பிரான்சிஸின் இடுப்பளவுச் செடிகளை முறைத்துப் பார்த்துச் சிரித்தான்.

பொங்கலன்று கோயில் வாசலுக்கு அவன் செடியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். லூர்துமேரி இலையை விலக்கி அடியைத் தேடினாள்.

"மஞ்ச எங்கயா?"

"கீழ பாரு."

கீழே எலிவால் மாதிரி ஒன்று இருந்தது. அதிலும் பாதி கோரைக்கிழங்கு. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிரான்சிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"வுடுண்ணே. எல நல்லாத்தான் வந்துகீது. பானைக்கு வெயில் படாம மேல பந்தலா போட்டுக்கலாம்."

இதற்குப் பதில் பிரான்சிஸும் சிரித்தே இருக்கலாம்.

பிரான்சிஸின் மஞ்சள் பானையில் ஏறியது. குண்டு குண்டான மஞ்சள் விரல்கள். பால் பொங்கியது, எல்லோரும் கூவினார்கள். சவுரிராயன் தன் இலைப் பந்தலின் கீழே குனிந்து, பானைக் கழுத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"மேரி, ஜல்தி வா! இங்க பாரு, இந்த வெரல்ல ஓட்டை! பூச்சி அடிச்சிகீது!"

லூர்துமேரி கிட்ட வந்து பார்த்தாள்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வரப்புல நின்னு ஏழு மாசமா மொறச்சிக்கினு இருந்தியே, அந்த எடம்."